பேதியா, வாந்தியா: மருத்துவர்கள் கேலியால் மோதிக்கொண்ட காலம்

பெரியம்மை கண்டவருக்கு ஒன்பதாவது, பத்தாவது நாளில் காய்ச்சல் திரும்ப வரும். முத்துப் போடும்போது முதல் காய்ச்சல் தணிந்திருக்கும், வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார்கள், அப்புறம் முத்துகள் சீழ் கோத்து ஒன்றோடொன்று ஒட்டி முகமே அடையாளம் தெரியாமல் வீங்கிக் கிடக்கும் நேரத்தில் இந்த இரண்டாவது காய்ச்சல் பிடிக்கும். சாவு அநேகமாக இந்தக் கட்டத்தில்தான். நம் வீடுகளில் எழுபது வயதைத் தாண்டிய சிலருடைய முகத்தில் இன்றும் அந்தத் தழும்பைப் பார்க்கலாம். அவர்கள் தப்பிப் பிழைத்தவர்கள்.

1717-இல் லண்டனில் ஒருவர் இப்படிப் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் பேதிக்குக் கொடுக்கச் சொல்கிறார். இன்னொருவர், பேதி கொடுத்தால் ஆளே போய்விடுவார், வாந்தி எடுக்க வைத்துப் பித்தத்தை வெளியே தள்ளுங்கள் என்கிறார். இரண்டு பேருமே ஊரில் பெரிய பெயர் எடுத்தவர்கள். எதைக் கேட்பது? யார் சொல்வது சரி என்று சோதித்துப் பார்க்க அன்றைக்கு ஒழுங்கான ஒரு முறை கிடையாது. ஆகவே அந்த மருத்துவர்களும் அவர்களுடைய நண்பர்களும் எதிராளியை ஊர் சிரிக்க வைக்கக் கிளம்பினார்கள். துண்டுப்பிரசுரம், பொய்க் கடிதம், நாடகம், கட்டுக்கதை என்று அது வளர்ந்து, கடைசியில் இரண்டு பேர் நடுத்தெருவில் வாளை உருவும்வரை போனது.

16-ஆம் நூற்றாண்டிலிருந்து 18-ஆம் நூற்றாண்டுவரை ஐரோப்பாவில் இந்த மாதிரிச் சண்டைகள் பல நடந்தன. மருத்துவம் பார்ப்பவர்கள் தங்களுக்குள் அங்கதத்தை ஆயுதமாக வைத்துச் சண்டை போட்ட இந்த விஷயத்தை, முன்பின் எதுவும் தெரியாதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். இதைப் பழைய காலத்து வேடிக்கை என்று ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று கேட்கத் தெரியாத காலத்தில் மருத்துவர்கள் எதை வைத்து வாதாடினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

முதலில் அங்கதம் என்றால் என்ன என்று பார்ப்போம். ஒருவரின் குற்றத்தைக் கேலியாலும் வசையாலும் குத்திக் காட்டுவதுதான் அது. தொல்காப்பியம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. நேருக்கு நேர் வைவது செம்பொருள் அங்கதம், அதற்கு வசை என்றே பெயர். மறைத்துச் சொல்வது பழிகரப்பு. இந்தப் பிரிவு நம் விஷயத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அந்த மருத்துவர்கள் இரண்டையும் செய்தார்கள், எதை எப்போது செய்தார்கள் என்பதற்குக் காரணமும் இருந்தது. எதிராளி பெயரைச் சொல்லி வைதால் அவதூறு வழக்கு வரும். பெயரை மாற்றி நாடகப் பாத்திரமாக்கிவிட்டால், அது நான்தான் என்று சொல்லிக்கொண்டு யார் நீதிமன்றம் போவார்கள்? இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இருந்தது. முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் அச்சிட்டு நடுவில் கோடு போட்டுவிடுவார்கள். மீட் என்ற மருத்துவரை ‘டாக்டர் மீ—ட்’ என்று போடுவது மாதிரி. படிப்பவர் எல்லாருக்கும் யார் என்று தெரியும், சட்டத்துக்கு மட்டும் தெரியாது.

சரி, ஏன் மருத்துவர்கள்? வழக்கறிஞர்களும் பாதிரிமார்களும்கூட அடித்துக்கொண்டார்கள்தான், ஆனால் மருத்துவரின் நிலைமை வேறு. நாம் இன்றைக்கும் ‘கைராசி டாக்டர்’ என்கிறோம் இல்லையா, அந்தக் காலத்தில் மருத்துவருக்கு முதல் என்று சொல்ல அந்தக் கைராசிப் பெயர்தான் இருந்தது. பித்தம், கபம், ரத்தம், கரும்பித்தம் என்ற நான்கு நீர்களின் சமநிலை கெட்டால் நோய் என்று நம்பினார்கள். கெட்டதை வெளியேற்றப் பேதி, வாந்தி, ரத்தம் எடுப்பது என்று மூன்று நான்கு வழிகள்தான் எல்லாரிடமும் இருந்தன. நோயாளி பிழைத்தால் மருந்து கேட்டது, செத்தால் நோய் முற்றிவிட்டது. இப்படி இருந்தால் எந்த மருத்துவரும் தோற்கவே முடியாது, எந்த மருத்துவரும் ஜெயித்ததாக நிரூபிக்கவும் முடியாது. பேர் ஒன்றுதான் மிச்சம். பேரைக் கெடுக்கச் சிரிப்பைவிட மலிவான வழி ஏது?

அந்தப் பேருக்குப் பின்னால் நல்ல பணமும் இருந்தது. லண்டனில் ரிச்சர்ட் மீட் காலையில் ஒரு காபிக் கடையிலும் மாலையில் இன்னொன்றிலும் உட்கார்ந்திருப்பார். மருந்துக்கடைக்காரர்கள் வந்து இன்ன நோயாளி, இன்ன தொந்தரவு என்று சொல்வார்கள், அவர் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு அரை கினி (கினி அந்தக் காலத்து ஆங்கிலேயத் தங்க நாணயம்) வாங்கிக்கொள்வார். அதே காபிக் கடை மேஜைகளில்தான் துண்டுப்பிரசுரங்களும் கிடந்தன. 1695-இல் இங்கிலாந்தில் அச்சடிக்குமுன் அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டம் காலாவதியாகிப் போனது, புதுப்பிக்கவில்லை. அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் எதையும் அச்சடித்து, எழுதியவர் பெயரே இல்லாமல் விற்கலாம். மொட்டைக் கடிதம் கேள்விப்பட்டிருப்பீர்கள், இது மொட்டைப் புத்தகம்.

நேரடி வசைக்கு நல்ல உதாரணம் பாரிஸில் இருக்கிறது. கீ பத்தேன் என்பவர் பாரிஸ் மருத்துவப் பீடத்தைச் சேர்ந்தவர், பழைய கிரேக்க மருத்துவத்தையும் ரத்தம் எடுப்பதையும் விட்டால் வேறு எதையும் ஏற்காதவர். தன் சொந்த மகனுக்கே ஒரு காய்ச்சலில் 20 தடவை ரத்தம் எடுத்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஆகாத ஆள் தியோஃபிராஸ்த் ரெனோடோ. இவர் மோம்பெலியேயில் படித்தவர், 1631-இல் பிரான்சின் முதல் வாரப் பத்திரிகைகளில் ஒன்றான ‘கெசட்’டைத் தொடங்கியவர், ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவ ஆலோசனை தரும் ஏற்பாட்டையும் நடத்தினார், ரசாயன மருந்துகளையும் கொடுத்தார். வெளியூர்ப் பட்டம், புது மருந்து, இலவசம் என்று மூன்றும் சேர்ந்து பாரிஸ் பீடத்தின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது. பத்தேன் அவரை லத்தீனில் ‘நெபுலோ ஹெப்டோமடாரியஸ்’ என்றார். வாராந்தரப் போக்கிரி என்று அர்த்தம், வாரப் பத்திரிகை நடத்துகிறார் அல்லவா. ரெனோடோ அவதூறு வழக்குப் போட்டார், 1642-இல் தோற்றார். ரெனோடோவுக்குச் சப்பை மூக்கு. தோற்றுத் தலைகுனிந்து போவதை பிரெஞ்சில் ‘ஒரு அடி மூக்கோடு போவது’ என்பார்கள், நாம் மூக்குடைபட்டான் என்பது மாதிரி. நீதிமன்றத்தைவிட்டு வெளியே வரும்போது பத்தேன் அவரிடம், உள்ளே போகையில் சப்பையாக இருந்த மூக்கு இப்போது ஒரு அடி நீண்டுவிட்டதே, தோற்றாலும் உங்களுக்கு லாபம்தான் என்றாராம்.

படிக்கும்போது சிரிப்பு வருகிறது, ஆனால் அப்புறம் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரெனோடோவுக்குத் துணையாக இருந்த பிரான்சின் முதலமைச்சர் கார்டினல் ரிஷ்லியூ 1642 டிசம்பரில் இறந்தார், அடுத்த வருஷம் ராஜாவும் இறந்தார். 1644-இல் ரெனோடோ பாரிஸில் மருத்துவம் பார்க்கவே கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. அவர் கதவைத் தட்டிய ஏழைகள் யாரும் அந்தச் சப்பை மூக்கைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

பத்தேனின் இன்னொரு எதிரி அஞ்சனக்கல்லிலிருந்து எடுத்த ஆன்டிமனி என்ற வாந்தி மருந்து. பாரிஸ் பீடம் அதை 1566-லேயே விஷம் என்று தடை செய்திருந்தது. பத்தேன் இந்த மருந்தால் செத்தவர்கள் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார், அதற்கு அவர் வைத்த பெயர் தியாகிகளின் ஏடு. அந்தப் பட்டியலைக் கவனியுங்கள், இந்தக் கட்டுரையின் முக்கியமான இடம் இது. அதில் செத்தவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். அதே மருந்தைச் சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் எத்தனை பேர், மருந்தே இல்லாமல் செத்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு இல்லை. எதிர்த்தரப்பிலும் அதே கதைதான், ரெனோடோவின் மகன் 1653-இல் ஆன்டிமனியைப் புகழ்ந்து ஒரு புத்தகம் எழுத, 61 மருத்துவர்கள் அதற்குக் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்தை எண்ணினார்கள், நோயாளிகளை எண்ணவில்லை. கடைசியில் 1658-இல் இளம் ராஜா பதினான்காம் லூயி காய்ச்சலில் படுத்து, ஆன்டிமனி கலந்த ஒயினைக் குடித்து, பிழைத்துக்கொண்டார். அந்த ஒரு ஆள் பிழைத்தது போதுமானதாக இருந்தது, 1666-இல் தடை போனது.

லண்டன் பக்கம் வந்தால், அங்கே முதலில் வெடித்தது மருத்துவர்களுக்கும் மருந்துக்கடைக்காரர்களுக்கும் இடையில். மருத்துவர் கழகம் 1698-இல் ஏழைகளுக்கு மலிவு விலையில் மருந்து தரும் நிலையம் ஒன்றைத் திறந்தது, கடைக்காரர்களுக்குப் பிழைப்புப் போய்விடுமே என்று கோபம், கழகத்துக்குள்ளேயே சில மருத்துவர்கள் கடைக்காரர்கள் பக்கம். சாமுவேல் கார்த் என்ற மருத்துவர் 1699-இல் இதை வைத்து ஒரு நீண்ட கவிதை எழுதினார். காவியத்தில் தேவர்களும் வீரர்களும் போர் செய்வது போல, இதில் மருத்துவர்களும் கடைக்காரர்களும் மருந்துப் புட்டிகளையும் பாத்திரங்களையும் எறிந்து போர் செய்கிறார்கள். சகமருத்துவர்களுக்கு அவர் வேறு பெயர் வைத்துவிட்டார், ஊரே யார் யார் என்று கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டது. இது பழிகரப்பு வகை.

இனி நம் பெரியம்மை நோயாளியிடம் வருவோம். பேதிக் கட்சியின் தலைவர் ஜான் ஃபிரெண்ட், அவருக்குத் துணை மீட். ஃபிரெண்ட் 1717-இல் பழைய கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரட்டீஸின் நூலுக்கு லத்தீனில் ஓர் உரை எழுதி, இரண்டாவது காய்ச்சலில் பேதி கொடுக்கலாம் என்று அதில் வாதாடியிருந்தார். லத்தீனில் இருந்தவரை அது மருத்துவர்களுக்குள் நின்றது. கிரெஷாம் கல்லூரியில் மருத்துவப் பேராசிரியராக இருந்த ஜான் வுட்வர்ட் 1718 தேதியிட்ட ஒரு புத்தகத்தில் இதை ஆங்கிலத்தில் எதிர்த்தார், பேதி கொடுப்பவர்கள் ஆளைக் கொல்கிறார்கள் என்ற தொனியில். உடம்பின் எல்லாத் தொல்லைக்கும் இரைப்பையில் சேரும் பித்த உப்புகள்தான் காரணம், வாந்தி எடுத்தால் சரியாகும் என்பது அவர் கட்சி. ஆங்கிலத்தில் எழுதியதுதான் தீ வைத்த மாதிரி ஆகிவிட்டது, நோயாளிகளே படித்துவிடுவார்களே.

வுட்வர்ட் கேலிக்கு வாகான ஆள். கல்லாகிப்போன சிப்பிகளும் எலும்புகளும் பைபிளில் வரும் நோவா காலத்துப் பிரளயத்தில் படிந்த உண்மையான உயிர்களின் மிச்சம் என்று 1695-இல் எழுதியவர். பிரளயக் கதையை விட்டுவிட்டால், அவை ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை என்ற பாதி சரி, அதை அன்றைக்குப் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. வீடு நிறையக் கற்களும் பழம்பொருள்களும் சேர்த்து வைத்திருந்தார். ஒரு இரும்புக் கேடயத்தைப் பழைய ரோமாபுரியினுடையது என்று நம்பிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார், அது உண்மையில் 16-ஆம் நூற்றாண்டுக் கைவேலை. போதாததற்குக் கோபக்காரர், பிறரை மதிக்காதவர் என்ற பெயர் வேறு.

இந்தச் சண்டைக்கு முன்னமே அவரை மேடையேற்றிவிட்டார்கள். 1717 ஜனவரியில் டிரூரி லேன் அரங்கில் ஒரு நாடகம் நடந்தது, எழுதிய மூவரில் ஒருவர் ஜான் ஆர்புத்நாட், ஆன் ராணியின் மருத்துவராக இருந்தவர், வுட்வர்டின் பிரளயப் புத்தகத்தை 1697-லேயே எதிர்த்து எழுதியவர். நாடகத்தில் டாக்டர் ஃபாசில் என்று ஒரு கிழ மருத்துவர். ஃபாசில் என்றால் தொல்லுயிர்க்கல். அன்றைக்குத்தான் அவருக்குக் கல்யாணம். புதுப்பெண்டாட்டியைப் பார்க்க வந்த இரண்டு காதலர்கள், ஒருவன் எகிப்தியப் பதப்படுத்திய பிணமாகவும் இன்னொருவன் முதலையாகவும் வேஷம் போட்டு, டாக்டரின் காட்சிக்கூடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கப்படுகிறார்கள். அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு யாரைச் சொல்கிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பேதிச் சண்டை வந்ததும் 1719-இல் மழைபோலக் கொட்டியது. ‘ஆண்ட்ரூ டிரைப்’ என்ற பெயரில் ஒருவர், கிரெஷாம் கல்லூரியில் இருக்கும் தன் அன்புச் சகோதரருக்கு ஒரு கடிதம் எழுதினார். டிரைப் என்றால் கறிக்கடையில் போட்டி என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த இரைப்பைக் கறி. எல்லா நோய்க்கும் இரைப்பைதான் மூலம் என்று சொன்னவருக்கு இரைப்பையின் பெயரிலேயே ஒரு தம்பி. இதை எழுதியவர் வில்லியம் வாக்ஸ்டாஃப் என்ற மருத்துவர் என்பது பொதுவான கருத்து. இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘டான் பிலியோசோ’வின் வாழ்க்கை வரலாறு என்று இன்னொன்று வந்தது, ஸ்பானிஷ் மூலத்திலிருந்து பிரெஞ்சுக்குப் போய் அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததாக அட்டையில் போட்டிருந்தார்கள், அப்படி ஒரு மூலமே கிடையாது. முழுப் பெயரைத் தமிழில் சொன்னால் இரைப்பையூர்ப் பித்தக்காரர் என்று வரும். ஒரு கேலி நாடகமும் அரங்கேறியது. மறுபக்கத்திலிருந்தும் வந்தது, மீட்டுக்குச் சமர்ப்பணம் என்று போட்டு ‘விசித்திரக் கனவு’ ஒன்று.

இவற்றின் உத்தி கிட்டத்தட்ட ஒன்றுதான், எதிராளியின் மருத்துவக் கொள்கையையே எடுத்து அவர் உடம்பிலேயே வைத்துக் காட்டுவது. வுட்வர்ட் பித்தம் பித்தம் என்கிறாரா, அப்படியானால் அவருடைய கோபமும் கர்வமும் பித்தம் தலைக்கேறியதுதான், அவருக்கு முதலில் வாந்தி மருந்து கொடுங்கள். மருத்துவரை நோயாளியாக்கிவிட்டால் அவர் வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே போய்விடுகிறது. வுட்வர்டின் பித்த உப்புக் கொள்கை தவறு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தப் பிரசுரங்கள் அது தவறு என்று காட்டவில்லை. அதைச் சொன்ன ஆளைப் பார்த்துச் சிரிக்க வைத்தன, அவ்வளவுதான்.

1719 ஜூனில் ஒரு நாள் மாலை, கிரெஷாம் கல்லூரி வாசல் பக்கம் மீட்டும் வுட்வர்டும் நேருக்கு நேர் பட்டுக்கொண்டார்கள். மீட் தன்னைப் பின்னாலிருந்து அடித்தார் என்று வுட்வர்ட் பிற்பாடு ஒரு பத்திரிகையில் எழுதினார். இருவரும் வாளை உருவினார்கள். வுட்வர்டுக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, கால் வழுக்கிக் கீழே விழுந்தார், மீட் வாளோடு மேலே நின்று உயிர்ப்பிச்சை கேள் என்றார். ஆட்கள் ஓடிவந்து விலக்கிவிட்டார்கள். வுட்வர்ட் கீழே கிடந்தபடி, உன் மருந்தைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னதாக ஊரில் கதை கட்டிவிட்டார்கள். அந்த ஒரு வாக்கியம்தான் முந்நூறு வருஷமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. 1740-இல் கிரெஷாம் பேராசிரியர்களின் வரலாறு ஒன்று அச்சானபோது, கல்லூரிக் கட்டடத்தின் படத்தில் வாசலருகே சின்னதாக இரண்டு உருவங்களைச் செதுக்கிவிட்டார்கள், ஒருவர் நிற்கிறார், ஒருவர் மண்டியிட்டு வாளைக் காலடியில் வைக்கிறார். செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆன பிறகும் வுட்வர்ட் அந்தப் படத்தில் மண்டியிட்டுக்கொண்டே இருக்கிறார்.

இத்தனைக்கும் அந்தப் படுக்கையில் கிடந்தவருக்கு என்ன கிடைத்தது? பேதியும் பெரியம்மையைக் குணப்படுத்தாது, வாந்தியும் குணப்படுத்தாது. இரண்டு கட்சியும் வருஷக்கணக்காக அடித்துக்கொண்ட கேள்விக்கு இரண்டு பதிலுமே தவறு.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது வேறு ஒன்று. சண்டைக்கெல்லாம் சில வருஷம் முன்பு, 1714-இல், கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த இம்மானுவேல் டிமோனி என்ற மருத்துவர் எழுதிய குறிப்பு ஒன்று லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு வந்தது. லேசாக அம்மை கண்டவரின் சீழை ஆரோக்கியமாக இருப்பவரின் தோலில் கீறி வைத்தால் இலேசான அம்மை வந்து போய்விடும், அப்புறம் வாழ்நாளில் வராது, துருக்கியில் இதைச் செய்கிறார்கள் என்று அதில் இருந்தது. பெரியம்மைக்கு எதிராக அன்றைக்கு உருப்படியாக இருந்த ஒரே வழி அதுதான். அந்தக் குறிப்பை ராயல் சொசைட்டியிடம் கொண்டுவந்து சேர்த்தவர் ஜான் வுட்வர்ட்.

1721-இல் லண்டனில் அது நிஜமாகவே தொடங்கியது. துருக்கியில் இதை நேரில் பார்த்துவிட்டு வந்த லேடி மேரி வோர்ட்லி மான்டேகு தன் மகளுக்கு இப்படி அம்மை குத்தச் செய்தார், நியூகேட் சிறையில் ஆறு கைதிகளுக்குச் செய்து பார்த்தார்கள், அடுத்த வருஷம் அரச குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்கும் செய்தார்கள். அப்போது எதிர்த்து எழுத ஒரு மருத்துவர் பேனாவை எடுத்தார். நான் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன வாக்ஸ்டாஃப்தான் அவர், எழுதியது பேதிக் கட்சித் தலைவர் ஃபிரெண்டுக்கு ஒரு பகிரங்கக் கடிதமாக. படிப்பறிவில்லாத நாட்டில் அறியாத சில பெண்கள் செய்து வந்த ஒன்று, உலகத்திலேயே நாகரிகமான நாடுகளில் ஒன்றின் அரண்மனைக்குள் நுழைந்துவிட்டதே, பின்னால் வருபவர்கள் இதை நம்பவே மாட்டார்கள் என்று எழுதினார். அதே கை, அதே நக்கல். வேறு காரணங்களும் சொன்னார், குத்தினால் வரும் அம்மை சிலசமயம் ஆளைக் கொன்றுவிடும் என்றார், அது உண்மையும்கூட. ஆனால் எத்தனை பேரை?

இந்தக் கேள்விக்கு ராயல் சொசைட்டியின் செயலாளர், ஜேம்ஸ் ஜூரின் என்ற மருத்துவர், வேறு விதமாகப் பதில் தேடினார். லண்டனின் பழைய சாவுக் கணக்குகளை எடுத்துக் கூட்டினார். ஊர் ஊராக மருத்துவர்களுக்கு எழுதினார். இயற்கையாக அம்மை கண்டவர்களில் ஐந்து அல்லது ஆறு பேருக்கு ஒருவர் சாகிறார், குத்திக்கொண்டவர்களில் சுமார் ஐம்பது பேருக்கு ஒருவர் என்று கணக்கு வந்தது. பத்தேனின் ஏட்டில் இல்லாத எல்லாரும், பிழைத்தவர், செத்தவர், குத்திக்கொண்டவர், குத்திக்கொள்ளாதவர், இந்தக் கணக்கில் இருந்தார்கள். தொடர்ந்து சில வருஷம் அதை அச்சிட்டார், ஒவ்வொரு தடவையும் இந்த வேலையைச் செய்கிற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோளையும் சேர்த்தார். யாருக்குக் குத்தினீர்கள், வயது என்ன, எந்த ஊர், எப்படிக் குத்தினீர்கள், எத்தனாவது நாள் காய்ச்சல், எத்தனாவது நாள் முத்து, கடைசியில் என்ன ஆயிற்று, எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள்.